பானெட்டில் ஒரு நகமளவு

கரோல் பாக், புது தில்லி
29-1-1979, திங்கட்கிழமை

வள்ளியின் அப்பாவுக்கு, பூங்கோதை வணங்கி எழுதுவது. நானும் வள்ளியும் இங்கே குறையொன்றும் இல்லாமல் இருக்கிறோம். பதில் எழுதும்போது முதலில் உங்கள் உடம்பைப் பற்றி எழுதுங்கள். காரைப் பற்றி அதற்கு அப்புறம் கேட்டால் போதும்.

உங்கள் அண்ணன் அடித்த தந்தி சனிக்கிழமை வந்தது. தந்திக்காரர் கீழே நின்று பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மொட்டைமாடி பர்சாத்தி அறையின் படிகளில் எப்படி இறங்கினேன் என்று தெரியாது. வேலூர் சுகமாய்ச் சேர்ந்தோம் என்று மட்டும் இருந்தது. இரண்டு ராத்திரி ரயிலில் இருமல் எப்படி இருந்தது? மேல் பெர்த்தில் படுத்தீர்களா? ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்களா? டாக்டர் என்ன சொன்னார் என்பதை அவர் சொன்னபடியே எழுதுங்கள். 'ஒன்றும் இல்லை' என்று எழுத வேண்டாம். ஒன்றும் இல்லாததற்கு யாரும் தில்லியிலிருந்து வேலூர் போக மாட்டார்கள்.

இனி சர்தார்ஜியின் கார். கடைசிக் கோட் பெயிண்ட் அடித்த நாலாம் நாள் நீங்கள் ரயில் ஏறினீர்கள். பன்னிரண்டு நாள் முழுசாகக் காயாமல் யாரும் கை வைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். நாளை மறுநாளோடு பன்னிரண்டு ஆகிறது. ஆனால் நீங்கள் போனதிலிருந்து இங்கே வெயில் இல்லை. காலை பத்து மணி வரை எதிர்வீட்டு மாடி தெரியாத அளவுக்குப் பனி. ஷெட் கதவைத் திறந்தால் அந்த ஈரம் உள்ளே வருகிறது, திறக்காவிட்டால் தின்னர் நாற்றம் போக மாட்டேன் என்கிறது. அதோடு இந்தக் கல்லிச் சந்தில் எல்லா வீட்டிலும் காலையில் அங்கீட்டிக் கரியடுப்பைப் பற்றவைத்து வாசலில் வைத்துவிடுகிறார்கள். கரித்தூள் பறந்து மெரூன் பெயிண்டின் மேல் மிளகு தூவினாற்போல் உட்காருகிறது. நான் ஒவ்வொரு வாசலாகப் போய், "பெஹன்ஜி, இருபது நாளைக்கு மட்டும் அந்தப் பக்கம் வையுங்கள்" என்று கேட்டுக்கொண்டேன். கீழ்வீட்டு மாதாஜி மட்டும், "உன் காருக்காக என் ரொட்டி பச்சையாக இருக்கணுமா?" என்று கேட்டார். ஆனாலும் நகர்த்தி வைத்துவிட்டார்.

பழைய காரேஜில் உங்களோடு இருந்த செல்வராஜ் வந்தார். பஸ் டிப்போவில் அவருக்கு லீவு கொடுக்கவில்லையாம், ஞாயிற்றுக்கிழமை கூட ட்யூட்டி போட்டிருக்கிறார்கள். அவர் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது. "அண்ணி, அண்ணன் கிட்ட நான் தேய்ச்சுத் தர்றேன்னு வாக்குக் கொடுத்தேன். இப்ப என்ன பண்றதுன்னே தெரியல. வேற மிஸ்திரி யாரையாவது பாக்கட்டுமா?" என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வேறு மிஸ்திரி வந்தால் நாளைக்குள் கரோல் பாக் முழுக்க விஷயம் தெரிந்துவிடும். பெரிய காரேஜை விட்டு வந்து நம் ஷெட்டில் நீங்கள் தனியாக எடுத்த முதல் வேலை இது. மிஸ்திரிக்கு உடம்பு முடியவில்லை, பாதியில் போட்டுவிட்டுப் போய்விட்டார் என்று ஒரு பேச்சு கிளம்பினால் அடுத்த கார் இந்தக் கல்லிக்குள் வராது.

அதனால் நானே தேய்க்கப் போகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். ஒன்பது வருஷமாக உங்களுக்குத் தண்ணீர் வடிகட்டிக் கொடுத்தவள் நான்தான். வாட்டர் பேப்பர் உப்புத்தாளை ராத்திரியே ஊறப்போடுவது, நேர்கோட்டில் தேய்ப்பது, வட்டமாகத் தேய்க்கக்கூடாது என்பது, எல்லாம் எனக்குத் தெரியும். ஒத்திகைக்கு உங்கள் பழைய காக்கிச் சட்டையைப் பின்பக்கம் முன்னால் வரும்படி போட்டுப் பார்த்தேன், பொத்தான் பெயிண்டில் உரசாமல் இருக்க. வளையல்களைக் கழற்றி டப்பாவில் வைத்தேன். தாலிச் சரட்டை முதுகுப் பக்கம் தள்ளி ரவிக்கைக்குள் முடிந்துகொண்டேன். அப்படி நிற்பதைப் பார்த்து மாதாஜி ஒரு மாதிரி ஆகிவிட்டார். கீறல் விழாமல் இருக்கத்தான் என்று நான் அவருக்கு இரண்டு தடவை சொன்னேன். எனக்கும் ஒரு தடவை சொல்லிக்கொண்டேன்.

சர்தார்ஜி நேற்று வந்தார். பதினெட்டாம் தேதி பழைய கார்களின் ஷோ, மிஸ்திரி எங்கே என்று கேட்டார். நீங்கள் சொல்லிக்கொடுத்தபடியே, ஊரில் ஒரு கல்யாணம், ஒரு வாரத்தில் வந்துவிடுவார் என்றேன். யார் கல்யாணம் என்று அவர் கேட்பார் என்று நான் நினைக்கவில்லை. உங்கள் தங்கைக்கு என்று சொல்லிவிட்டேன். உங்களுக்குத் தங்கை கிடையாது. ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள். குளிர்ந்த தண்ணீர் வேண்டாம்.

தங்கள்,
பூங்கோதை


கரோல் பாக்
6-2-1979

வள்ளியின் அப்பாவுக்குப் பூங்கோதை வணக்கம் சொல்லி எழுதுவது.

உங்கள் கடிதம் இன்று பதினொரு மணிக்கு வந்தது. இன்லண்டு கடிதத்தின் மூன்று பக்கமும் கார்தான். எந்த நம்பர் பேப்பர், எவ்வளவு சோப்பு, கதவு ஓரத்தில் கை எப்படி இருக்க வேண்டும், வாக்ஸ் போடும்போது வெயில் படக்கூடாது. கடைசியில் ஒட்டும் மடிப்பில் நெருக்கி, 'டாக்டர் டானிக் கொடுத்திருக்கிறார், பயப்பட ஒன்றும் இல்லை' என்று ஒரு வரி. கையெழுத்து வரிக்கு வரி கீழே இறங்குகிறது. படுத்துக்கொண்டு எழுதினீர்களா?

முதல் தேதி ஆரம்பித்தேன். வாட்டர் பேப்பர் வேலை நாலு நாளில் முடிந்தது. நீங்கள் தேய்க்கும்போது நான் பக்கத்தில் இருந்திருக்கிறேனே தவிர, தேய்த்து முடித்த கார் எப்படி இருக்கும் என்று உற்றுப் பார்த்ததில்லை போலிருக்கிறது. ஈரம் காய்ந்ததும் கார் முழுக்கச் சாம்பல் பூசினாற்போல் ஆகிவிட்டது. மெரூன் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. உங்கள் வேலை முழுவதையும் நாலே நாளில் நான் அழித்துவிட்டேன் என்று நினைத்து, மட்கார்டு பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். வெளியே விளையாடிவிட்டு வந்த வள்ளி எட்டிப் பார்த்துவிட்டு, "அம்மா, அப்பா பண்ற காடி எல்லாம் நடுவுல இப்டித்தானே கந்தா இருக்கும்?" என்றாள். எனக்கு மூச்சு வந்தது. காருக்குக் காடி, அழுக்குக்குக் கந்தா, உங்கள் பெண்ணின் தமிழ் இப்படித்தான் இருக்கிறது. ஆனால் சரியான நேரத்தில் பேசுகிறாள்.

அந்தச் சாம்பல் கோலத்தில்தான் சர்தார்ஜி மறுபடி வந்து நின்றார். நான் முன்பின் மாற்றிப் போட்ட சட்டையோடு, கையெல்லாம் சோப்பு நுரையோடு இருந்தேன். அவருக்கு முகமே மாறிவிட்டது. கார் கதவைத் தொடப் போனவர் கையை இழுத்துக்கொண்டார். தேசம் பிரிந்தபோது லாயல்பூரிலிருந்து அவர் மனைவியையும் இரண்டு குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு வந்த கார் இந்த ஆஸ்டின் என்று நீங்கள் சொன்னீர்கள் அல்லவா? அதை எனக்கும் அவர் சொன்னார். சொல்லிவிட்டு, "மகளே, மிஸ்திரி எப்போது வருவான், சச் பதாவ்" என்று கேட்டார். உண்மையைச் சொல் என்று கேட்கிற பெரியவரிடம் மறுபடியும் பொய்தான் சொன்னேன். கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் இன்னும் இரண்டு நாள் இருக்கச் சொன்னார்கள் என்றேன். என் வாயிலிருந்து இதெல்லாம் எப்படி வருகிறது என்று எனக்கே தெரியவில்லை. அவர் பேசாமல் போய்விட்டார். சத்தம் போட்டிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

நேற்று இடப்பக்கக் கதவில் பாலிஷ் காம்பவுண்ட் போட்டுத் தேய்த்தேன். முக்கால் மணி நேரம் கழித்து மல்மல் துணியால் துடைத்தபோது உள்ளே இருந்து நிறம் எழுந்து வந்தது. என் முகம் தெரிந்தது, பின்னால் ஷெட்டின் தகரக் கூரை தெரிந்தது. உடனே உங்களைக் கூப்பிட வாயைத் திறந்துவிட்டேன்.

ஒரு பேச்சுக்குக் கேட்கிறேன். ஏதாவது ஒரு முகட்டில் கை கொஞ்சம் அழுத்தி, பெயிண்ட் போய் அடியில் இருக்கிற பிரைமர் தெரிந்தால் என்ன செய்ய வேண்டும்? மிச்சப் பெயிண்ட் டின்னில் இருக்கிறது. தின்னர் எவ்வளவு சேர்க்க வேண்டும்? ஒரு பேச்சுக்குத்தான். உடனே பதில் போடுங்கள். இந்தக் கடிதம் கிடைத்த அன்றே போடுங்கள்.

பூங்கோதை


கரோல் பாக்
13-2-1979

வள்ளியின் அப்பாவுக்கு,

'எங்கே போயிற்று, எவ்வளவு போயிற்று, ஒளிக்காமல் சொல்' என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கேயும் போகவில்லை. ஒரு பேச்சுக்குத்தான் கேட்டேன் என்று எழுதினேனே. நீங்கள் எழுதிய விவரத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். தீக்குச்சி முனையால் சொட்டு வைக்க வேண்டும், பிரஷ் கூடாது, உச்சி வெயிலில் மட்டும் வைக்க வேண்டும், பனியில் வைத்தால் வெள்ளை பூத்துவிடும், எல்லாம் புரிந்தது. தேவைப்பட்டால் பார்த்துக்கொள்கிறேன்.

காம்பவுண்ட் வேலை ஞாயிற்றுக்கிழமையோடு முடிந்தது. வலது தோளைத் தூக்க முடியவில்லை, தலைவாருவது இடது கையால்தான். இன்று வாக்ஸ் ஆரம்பித்தேன். ஒரு சமயத்தில் ஒரு பாகம் மட்டும். போட்டு, அது வெளுத்து வந்ததும் துடைத்துவிடுகிறேன். முகப்பு விளக்கைச் சுற்றி இடுக்கில் வாக்ஸ் தங்குகிறது, அதைத் தீக்குச்சியில் துணி சுற்றி எடுக்கிறேன். ஐந்து நாள்தான் இருக்கிறது. நேற்று சாயங்காலம் வானம் இருட்டிக்கொண்டு வந்தது, தகரக் கூரையில் படபடவென்று ஆலங்கட்டி விழுந்தது. கூரையில் அந்த மூலை ஓட்டை இருக்கிறதே, அதற்குக் கீழே அண்டாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். காரில் ஒரு சொட்டுக்கூட விழவில்லை.

உங்கள் கடிதம் வந்த அதே தபாலில் உங்கள் அண்ணனும் எனக்குத் தனியாக ஒரு கடிதம் போட்டிருந்தார். அதில் இருப்பதை நீங்களாக எழுதுவீர்கள் என்று காத்திருக்கிறேன். இப்போதைக்கு நான் அதைப் பற்றிப் பேசப் போவதில்லை.

ஆனால் ஒன்று சொல்கிறேன். நீங்கள் ஊருக்குப் போவதற்கு முந்தின வாரம் உங்கள் கைக்குட்டையில் கறை இருந்தது. என்ன என்று கேட்டேன். கார் பெயிண்ட், துடைத்தேன் என்றீர்கள். நிறமும் கிட்டத்தட்ட அதே நிறம்தான், நானும் சரி என்றேன். பிறகு அதைத் துவைத்தேன். அந்தப் பெயிண்ட் தண்ணீரில் போகாது. தின்னர் போட்டுத் தேய்த்தாலும் துணியில் இருந்து போகாது. என் சேலையில் இரண்டு வருஷமாக இருக்கிற கறையே அதற்குச் சாட்சி. கைக்குட்டைக் கறை பச்சைத் தண்ணீரில் ஒரே அலசலில் போயிற்று.

அன்றைக்கே நான் கேட்டிருக்க வேண்டும். கேட்டால் நீங்கள் பதில் சொல்லிவிடுவீர்களோ என்று பயந்து கேட்கவில்லை.

கொழுக்கட்டை வேண்டும் என்று வள்ளி கேட்டாள், செய்து கொடுத்தேன். உங்களுக்கு இரண்டு எடுத்துவைத்துவிட்டு அப்புறம் நானே சாப்பிட்டேன். முதல் வகுப்புத் தேர்வெல்லாம் அடுத்த மாதம். கணக்கில் பரவாயில்லை. மண்ணெண்ணெய் கியூவில் இன்று ஒன்றரை மணி நேரம் நின்றேன். கிடைத்தது.

பூங்கோதை


கரோல் பாக்
19-2-1979, திங்கட்கிழமை

என் வீட்டுக்காரருக்கு,

நேற்று ஷோ முடிந்தது. நடந்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன். முழுசாகப் படியுங்கள். கடைசியில் உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும்.

பெயிண்ட் போயிற்று. நாலாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, பானெட்டின் நடு முகட்டில். உங்கள் அண்ணன் கடிதம் வருவதற்கு முன்பே. கை வேலை செய்துகொண்டிருந்தது, நினைப்பு வேலூரில் இருந்தது. துடைத்துப் பார்த்தால் கட்டைவிரல் நகமளவு சாம்பல் நிறம். கார் முழுவதிலும் எல்லோர் கண்ணும் முதலில் போகிற இடம். நான் அதன் மேல் கையை வைத்து மூடிக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. கையை எடுத்தால் அது இருக்கும் என்று தெரியும், ஆனாலும் எடுக்காமல் நின்றேன்.

உங்கள் பதில் பத்தாம் தேதி வந்தது. அதுவரை அந்த இடத்தின் மேல் ஒரு துணியைப் போட்டு, மிச்சக் காரைத் தேய்த்தேன். பதில் வந்த அன்றே அவசரப்பட்டு, வெயில் சாய்ந்த பிறகு சொட்டு வைத்தேன். காலையில் பார்த்தால் பால் தெளித்தாற்போல் வெள்ளை பூத்திருந்தது. அதை எடுத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தேன். உச்சி நேரத்தில் வெயில் வந்த அன்று மூன்று சொட்டு, வராத நாளில் ஒன்றுமில்லை. பதினாறாம் தேதி காலையில்தான் அதைச் சமமாகத் தேய்த்து வாக்ஸ் போட்டேன். நேராகப் பார்த்தால் தெரியவில்லை. சாய்ந்து பார்த்தால் எனக்குத் தெரிந்தது.

சனிக்கிழமை மத்தியானம் சர்தார்ஜி காரை எடுக்க வந்தார். ஷெட் கதவை இரண்டு பக்கமும் திறந்துவிட்டேன். வெயில் நேராக உள்ளே விழுந்தது. அவர் காருக்கு முன்னால் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். பிறகு, "மிஸ்திரியைக் கூப்பிடு, அவன் கையைப் பிடித்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்" என்றார்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. எனக்குத் தெரிந்த இந்தியில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கல்யாணம் இல்லை, தங்கை இல்லை, அவர் வேலூர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார், பெயிண்ட் அடித்தது அவர், தேய்த்தது நான், இதோ இந்த இடத்தில் கெடுத்ததும் நான்தான் என்று விரலை வைத்துக் காட்டினேன். அவர் முகம் சிவந்துவிட்டது. நல்ல கோபம். "இதற்கு முன் இரண்டு தடவை வந்தேன். இரண்டு தடவையும் என் முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னாய். ஒரு மனுஷன் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான், நான் இங்கே வந்து காருக்காகத் தொந்தரவு செய்துகொண்டிருந்தேனா? என்னை என்னவென்று நினைத்தாய்?" என்று கத்தினார். கல்லியே வெளியே வந்துவிட்டது. மாதாஜி என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். அவர் கேட்டது நியாயம்.

பிறகு அவர் குனிந்து அந்த இடத்தைப் பார்த்தார். இந்தப் பக்கம் சாய்ந்து பார்த்தார், அந்தப் பக்கம் சாய்ந்து பார்த்தார். "எங்கே?" என்றார். மறுபடி காட்டினேன். "எனக்குத் தெரியவில்லை" என்றார். உண்மையிலேயே தெரியவில்லையா, எனக்காகச் சொன்னாரா என்று இன்னும் எனக்குச் சந்தேகம்தான். போகும்போது, நாளைக்குக் காலை வள்ளியோடு நீ இந்தியா கேட்டுக்கு வர வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

போனோம். எத்தனை கார்கள்! ராஜா வீட்டுக் கார்கள் எல்லாம் வந்திருந்தன. நம் ஆஸ்டின் அவற்றின் நடுவில் சின்னதாக, ஆனால் குனிந்து பொட்டு வைத்துக்கொள்ளலாம் போல் மின்னிக்கொண்டு நின்றது. ஜட்ஜ்கள் மூன்று பேர். ஒருவர் பானெட் பக்கமே நின்றுவிட்டார். விரல் முனையால் முகட்டில் மெதுவாகத் தடவிக்கொண்டே போனார். நான் வள்ளியின் கையை எவ்வளவு அழுத்தினேனோ, அவள் "அம்மா, சோடோ, கை வலிக்குது" என்று கத்தினாள். அவர் விரல் அந்த இடத்தைத் தாண்டிப் போயிற்று. நிற்கவில்லை. பெயிண்ட் யார் வேலை என்று கேட்டார். சர்தார்ஜி, "பரமசிவம் மிஸ்திரி, கரோல் பாக். ஃபினிஷிங் இவள்" என்று என்னைத் தோளைப் பிடித்து முன்னால் தள்ளிவிட்டார். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் டயரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

முதல் பரிசு கிடைக்கவில்லை. ஷோவோடு சேர்த்து நடத்திய ஓட்டத்தில் மதுரா ரோடு பக்கம் இன்ஜின் கொதித்துக் கார் நின்றுவிட்டது. இருபது நிமிஷம் தாமதமாக வந்தது, மார்க் போயிற்று. அந்த வகைக் கார்களில் இரண்டாவது பரிசு. சர்தார்ஜிக்கு அதைப் பற்றி வருத்தமே இல்லை. இன்னும் இரண்டு பேர் உங்கள் விலாசம் கேட்டு எழுதிக்கொண்டார்கள்.

நான் மறைத்தது இவ்வளவுதான். இனி நீங்கள் மறைத்தது.

வலது பக்க நுரையீரலில் கீழ்ப் பாகத்தை எடுக்கப் போகிறார்கள் என்றும், இருபத்தெட்டாம் தேதி புதன்கிழமை ஆபரேஷன் என்றும் உங்கள் அண்ணன் எழுதியிருக்கிறார். இனிமேல் ஸ்ப்ரே துப்பாக்கியைக் கையில் எடுக்கவே கூடாது என்று டாக்டர் சொன்னதையும் எழுதியிருக்கிறார். பூங்கோதைக்குச் சொல்லாதே, ஷோ முடியட்டும் என்று நீங்கள் அவரிடம் சத்தியம் வாங்கிக்கொண்டீர்களாம். பாவம், அவரால் பத்து நாள்கூட அதைத் தாங்க முடியவில்லை. அவரைக் கோபிக்க வேண்டாம்.

ஷோ முடிந்துவிட்டது. சனிக்கிழமை ஜி.டி. எக்ஸ்பிரஸில் நானும் வள்ளியும் கிளம்புகிறோம். செல்வராஜ் டிக்கெட் எடுத்துக் கொடுத்துவிட்டார். திங்கட்கிழமை காலை சென்ட்ரல், அன்று சாயங்காலத்துக்குள் வேலூர். இந்தக் கடிதம் எனக்கு முன்னால் உங்களிடம் வந்துவிடும் என்று தபாலாபீஸில் சொன்னார்கள்.

உங்களிடம் கேட்பது இதுதான். ஆபரேஷனுக்கு முன்னால் வீட்டார் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டுமாம். அண்ணன் போடுவதாகச் சொன்னாராம். அவர் போட வேண்டாம். என் மனைவி வருகிறாள், அவள் போடுவாள் என்று டாக்டரிடம் சொல்லுங்கள். தேதியை முன்னால் தள்ளினால் சம்மதிக்காதீர்கள். உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தக் காகிதத்தில் இருப்பதை நீங்கள் எனக்கு வாசித்துக் காட்டி, அதன் பிறகு நான் கையெழுத்துப் போட வேண்டும்.

இனி என்ன வேலை, ஷெட் என்ன ஆகும் என்று இப்போது யோசிக்காதீர்கள். அதைப் பேச நமக்கு நிறைய நாள் இருக்கிறது. இருக்க வேண்டும் என்று நான் கேட்காத சாமி இல்லை.

நான் வருகிறவரை நன்றாகத் தூங்குங்கள். பயமாக இருந்தால் பயமாக இருக்கிறது என்று அண்ணனிடமாவது சொல்லுங்கள். தைரியமாக இருப்பதுபோல் காட்டிக்கொண்டு தனியாகக் கிடக்காதீர்கள். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. இரண்டு பேரும் சேர்ந்தே பயப்படலாம். திங்கட்கிழமை வந்துவிடுகிறேன்.

உங்கள்
பூங்கோதை